ட்ரையர்காரன் புகை போட்ட கோழி

புகை என்றாலே எனக்கு ஆகாது. நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பதினெட்டு வருஷமாகத் தேயிலை காயவைக்கும் ட்ரையரைப் பார்த்துக்கொள்கிறேன். விறகு எரிந்து வரும் சூடு வேண்டும், அதன் புகை மட்டும் கொழுந்தில் பட்டுவிடக் கூடாது. கொஞ்சம் பட்டாலும் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஒரு வாய் டீயை உறிஞ்சித் துப்பிவிட்டு என்னைத்தான் பார்ப்பார். அதனால் புகை வாடை மூக்கில் ஏறினால் போதும், என் கை தானாகக் காற்றைத் திறந்துவிடப் போகும். தூக்கத்திலும் போகிறது என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்டவன்தான் போன வருஷம் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு மயங்கினேன். மூடி போட்ட கரி அடுப்பில் கோழியை மூன்று மணிநேரம் புகையிலேயே வேகவைத்தார்கள். சூடு ஏறவும் கூடாதாம், இறங்கவும் கூடாதாம். பாரன்ஹீட்டில் இருநூற்று இருபத்தைந்தில் நிற்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏறக்குறைய அதே சூட்டோடுதானே நான் தினமும் குடித்தனம் நடத்துகிறேன். பழைய எண்ணெய் ட்ரம் ஒன்றைக் கழுவி, உள்ளே தீ போட்டு எண்ணெய் போக எரித்து, அடியில் காற்றுக்கு ஓர் ஓட்டையும் மூடியில் புகைக்கு ஓர் ஓட்டையும் போட்டேன். இரண்டுக்கும் தகர மூடி. ஸ்டோரில் கழித்துப் போட்டிருந்த வெப்பமானியை டீமேக்கரிடம் கேட்டு வாங்கிப் பொருத்தினேன். ஒரு கோழி கூட வேகவைக்காமல், ட்ரம் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று படம் எடுத்துப் போட்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் தங்கை பேசினாள். நாலு வருஷத்துக்குப் பிறகு.

நாலு வருஷத்துக்கு முன்னால், பதுளையில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருப்பவரைக் கட்டப்போகிறேன் என்று அவள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் வீம்பு விடவில்லை.

“அண்ணே, பாப்பாவுக்குக் காது குத்தப்போறோம். தாய்மாமன் மடியிலதான் குத்தணும்னு வச்சிருக்கேன். வருவியா?”

“வாரேன்” என்றேன்.

“அந்த ட்ரம்மையும் கொண்டாந்து கோழி போடு. மாமன் வீட்டு விருந்துன்னு மாமியார்கிட்டச் சொல்லிட்டேன். சூடு ஏறாமப் பாத்துக்கிற வேலையாமே? ஒனக்கு அது வருமா?”

நக்கல்தான். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கென்று பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் போய் நின்றதில்லை என்பது எனக்குத் தெரியும். கோழி கருகினாலும் அவள் முகம்தான் கருகும்.

முதல் ஒத்திகையில் கருகத்தான் செய்தது. தேங்காய்ச் சிரட்டைக் கரியைப் பற்றவைத்து, மேலே காய்ந்த தேயிலை மிலாறு, அதுதான் கவாத்து வெட்டிய குச்சி, அதைப் போட்டேன். புகை வந்தது. மூக்கில் ஏறியது. என் கை போய்க் கீழ் ஓட்டையை முழுசாகத் திறந்துவிட்டது. புகை போய்விட்டது, சூடு முன்னூற்றைம்பது. வெளியே கரி, உள்ளே பச்சை இரத்தம். மனைவி முட்டை பொரிக்கப் போனாள்.

மூன்றாவது கோழியில்தான் கை அடங்கியது. கீழ் ஓட்டையை ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கக் கூடாது. இருநூறு வரும்போதே மூட ஆரம்பித்துவிட வேண்டும், ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு. உள்ளே ஒரு சட்டித் தண்ணீர் வைத்தால் சூடு நிதானமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசைப்பட்டு மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று பாய்ந்து கரி குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

காதுகுத்தன்று சின்ன லொறி ஒன்றில் ட்ரம்மை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே பதுளைக்குப் போய்விட்டோம். மஞ்சளும் மிளகும் உப்பும் தடவிய ஆறு கோழிகளைப் பிளந்து, ஒன்பது மணிக்கு உள்ளே வைத்தேன். மெல்லிய நீலப் புகை ஒழுங்காக வந்தது. பத்து மணிக்கு ஆசாரி வந்து கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உள்ளே போய் மடி கொடுத்தால் ட்ரம்மை யார் பார்ப்பது?

பக்கத்தில் நின்றவர் தங்கையின் புருஷன் மட்டும்தான். காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் செருமிக்கொண்டு திரிந்தோம். நான் ட்ரம்மைப் பார்த்துக்கொண்டே, “மூடியத் தொறக்க வேணாம். சூட்ட மட்டும் பாத்துக்கிட்டா போதும்” என்றேன். அவரும் ட்ரம்மிடமே “சரி” என்றார்.

மருமகள் என் மடியில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுக்காரி. அவ்வளவு கனமாக இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில், பின்பக்கக் கதவு வழியாகத் திடீரென்று அடர்த்தியான புகை வாடை வந்தது. பதினெட்டு வருஷப் பழக்கம். என் உடம்பு பாதி எழுந்துவிட்டது.

தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன், பாதிச் சாப்பாட்டில் எழுந்த அன்று.

அந்த நேரத்தில் முற்றத்திலிருந்து வீடே கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

“மச்சான், இருநூத்தி இருபத்தஞ்சுல நிக்கிது. நீங்க எந்திரிக்காதீங்க.”

உட்கார்ந்தேன். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். காது குத்தியதும் அவள் வீறிட்டு அழுதாள், தங்கையும் அழுதாள், நானும் அழுதேன். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை.

பகல் பந்திக்கு ட்ரம்மைத் திறந்தபோது கோழிகள் தேன் நிறத்தில் பளபளத்தன. தொடையைத் திருகினால் எலும்பு கழன்று வந்தது. தங்கையின் மாமியார் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டு, “ஒங்க அண்ணன் கைல ருசி இருக்கு” என்றார். தங்கை என்னைப் பார்க்காமல் அப்பளம் எடுக்கப் போனாள். அவள் நடையிலேயே சந்தோஷம் தெரிந்தது.

ஓரத்தில் இருந்த ஒரு கோழி மட்டும் ஒரு பக்கம் நன்றாகக் கறுத்திருந்தது. இருநூற்று இருபத்தைந்தில் கோழி அப்படிக் கறுக்காது. நான் தங்கையின் புருஷனைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“தெரியாத்தனமா மூடியத் தொறந்து பாத்துட்டேன், மச்சான். முன்னூத்திப் பத்துக்கு ஏறிருச்சு. கீழ் ஓட்டைய அடைச்சு எறக்குறதுக்குள்ள உசுரு போயிருச்சு.”

“அப்பறம் ஏன் இருபத்தஞ்சுன்னு சத்தம் போட்டீங்க?”

“நெசத்தச் சொன்னா நீங்க எந்திரிச்சி வந்துருவீங்க. அவ அதத்தான் ஒரு வாரமா பயந்துக்கிட்டு இருந்தா.”

கறுத்த கோழியை எடுத்து இரண்டாகப் பிய்த்தேன். ஒரு பாதியை என் இலையில் போட்டுக்கொண்டு மற்றதை அவர் இலையில் வைத்தேன்.

“இது நம்ம ரெண்டு பேருக்கும், மாப்புள” என்றேன்.