ஓல்ஷானி கோயிலில் நிற்காத சுரம்

ஓல்ஷானி பங்குக் கோயிலில் இருபத்தாறு வருஷமாக ஆர்கன் வாசிப்பவள் யாத்விகா. பழைய குழாய் ஆர்கனில் மரப்புழு ஏறிவிட, போன இலையுதிர்காலத்தில் அதைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கிராக்கோவுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் அவளும் தம்பி ஸெனோனும் கதவைச் சாத்திக்கொண்டு, நானூறு குழாய்களின் ஒலியையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். ஸெனோன் கட்டையை அமுக்கிச் சில விநாடி பிடிப்பான், பிறகு விடுவான்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா அப்புறம் நீ எதுக்குக்கா? சாமியே மவுஸைத் தட்டிப் பூசையை முடிச்சிடுவாரு."

"உன் பேச்சும் சேந்து பதிவாயிடுச்சு. வாயை மூடிட்டு மறுபடி அமுக்குடா."

அதன்பின் பாடகர் மாடத்தில் ஒரு கீபோர்டும் மடிக்கணினியும்தான். அந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை அமுங்கியது, எப்போது விடுபட்டது என்று கம்பி வழியே சேதி மட்டும் அனுப்பும். ஒலியெல்லாம் கணினியிடம். நானூறு குழாயும் அதன் நினைவில் ஏறப் பத்து நிமிஷம் பிடிக்கும்; அவசரப்பட்டு வாசித்தால் பாதிக் கட்டைகள் ஊமை. ஏறிவிட்டாலோ, 'விட்டாயிற்று' என்ற சேதி வரும்வரை பதிவின் நடுப்பகுதியையே சுற்றிச் சுற்றி ஒலித்துக்கொண்டிருக்கும்.

பிப்ரவரியில் ஸெனோன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். சாகிற வயதா அது, ஐம்பத்தொன்று. அடக்கப் பூசைக்கு வாசிக்க வேறு ஊரிலிருந்து ஆள் வரவழைப்பதாகப் பங்குச்சாமி தாதேயுஷ் சொன்னார்.

"வேண்டாம் சாமி. என் தம்பிக்கு நான் வாசிக்காம வேற யாரு வாசிப்பா?"

"கடைசி வரைக்கும் தாங்குவியாம்மா?"

"தாங்கித்தான் ஆகணும்."

வைராக்கியத்துக்கு அவளிடம் பஞ்சமில்லை. பூசை முழுக்க ஒரு பிசிறு இல்லை. கடைசிப் பாட்டின் கடைசிச் சுரத்தைப் பிடித்தபடியே, கீழே இருந்த தம்பியின் சவப்பெட்டியைப் பார்க்க எழுந்தாள். முழங்கால் பட்டுக் கம்பி பிடுங்கிக்கொண்டது. விரல் கட்டையை விட்டது, சேதி போய்ச் சேரவில்லை. சுரம் நின்றபாடில்லை.

ஆர்கன் ஓய்ந்தால்தான் பெட்டியைத் தூக்குவது அவ்வூர் வழக்கம். ஆறு பேர் கைப்பிடியைப் பற்றியபடி குனிந்தே நின்றார்கள்.

கோயில் வேலைகளைக் கவனிக்கும் விடோல்ட் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "என்னம்மா, மாட்டிக்கிச்சா? அந்தப் பொத்தானைத் தட்டு. கீழ அவங்களுக்கு இடுப்பு ஒடியுது."

எல்லா ஒலியையும் ஒரேயடியாக நிறுத்தும் பொத்தான் திரையிலேயே இருந்தது. இதுவரை எத்தனையோ முறை தட்டியிருக்கிறாள். இன்று கை எழவில்லை. அது பதிவின்போது ஸெனோன் அமுக்கிப் பிடித்த கட்டை. இதையும் நிறுத்திவிட்டால் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

விடோல்ட் குரலைத் தணித்துக்கொண்டார். "நான் தட்டட்டுமா?"

"வேண்டாம்ணே. என் தம்பி. நான்தான் அனுப்பணும்."

தட்டினாள். கீழே பெட்டி தரையை விட்டு எழும்பியது. யாத்விகா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். கோயிலில் வேறு சத்தம் இல்லாததால் அது வாசல் வரைக்கும் கேட்டது.