முப்பத்தாறு வீச்சு

காலை ஆறு பத்து. நீச்சல் தடாகத்தின் உள்கதவைத் தள்ளியபோது முதலில் கண்டது நாலாம் தடத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி. காவலாளி யாரையோ எனக்கு முன்பே உள்ளே விட்டிருந்தார்.

இந்த இத்தாலிய நகரத்தின் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து தடாகத்தின் கரையைக் கழுவுவது என் வேலை. உடை மாற்றும் அறைகள் மன்னார்ப் பெண் ஒருவரின் பொறுப்பு. தொப்பிக்காரர் பிரெஞ்சு நீச்சல் வீராங்கனை என்றும், பத்தொன்பது வயதில் ஐம்பது மீற்றரில் ஐரோப்பாவை வென்றவர் என்றும் மன்னார்ப் பெண்தான் சொன்னார். மீதியைத் தொலைபேசியில் வாசித்தேன். இன்னும் இரண்டு பட்டங்கள், தோளில் சத்திரசிகிச்சை, தேசிய அணியிலிருந்து நீக்கம். இப்போது முப்பத்துமூன்று வயது. பயிற்றுநர் இல்லை. ஜூன் மாதம் இங்கே நடக்கும் போட்டியில் குறித்த நேரத்துக்குள் நீந்தினால் அணிக்குத் திரும்பலாம். ஜூலையில் வேறு நகரத்தில் ஒரு போட்டி இருந்தது. அதற்கு மேல் வாய்ப்பு இல்லை.

ஐம்பது மீற்றரையும் அவர் மூச்சு எடுக்காமல் நீந்துவார். தலை திரும்பாததால் கைவீச்சை எண்ணுவது எளிது. கரை கூட்டும் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு எண்ணினேன். முப்பத்தாறு. மறுநாளும் முப்பத்தாறு.

"பேப்பரிலை நிருபர் வேலையை விட்டு இருபது வருசம், அண்ணை. இன்னும் குறிப்பெடுக்கிறியள்," என்றார் மன்னார்ப் பெண். "நீந்துற பொம்பிளையின்ரை கையை எண்ணுறது அண்ணிக்குத் தெரியுமோ?"

"ஓம், தெரியும். எத்தினை எண்டும் தெரியும்."

மூன்றாம் கிழமை பிரெஞ்சுக்காரர் கரையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, உடைந்த இத்தாலியனில், எத்தனை என்று கேட்டார். நான் எண்ணுவதைக் கவனித்திருக்கிறார். அன்று முப்பத்தைந்து. கடைசி வீச்சை விட்டுவிட்டு, நீட்டிய கையோடு சுவர்வரை மிதந்து வந்திருந்தார். நேரம் அங்கேதான் போகிறது என்றார். முழு வேகத்தில் போகும்போது தன்னால் எண்ண முடியாதாம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டார், நானும் சொன்னேன்.

போட்டிக்கு முதல் நாள் எங்கள் இருவரிடமும் அவர் சொன்னது இது: முப்பத்தைந்தில் நேரம் தவறினால் அது பிழை, ஜூலைக்குள் திருத்தலாம். முப்பத்தாறும் எடுத்துத் தவறினால் திருத்த ஒன்றும் இல்லை, நீந்துவதை நிறுத்திவிடுவார்.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு அவருடைய போட்டி. கரையில் வழியும் தண்ணீரைத் தள்ள நான் சுவரோரம் நின்றேன். மன்னார்ப் பெண்ணும் வந்து நின்றார். பிரெஞ்சுக்காரர் முதலாவதாகச் சுவரைத் தொட்டார். நேரப் பலகையில் விழுந்த நேரம், வேண்டியதைவிட ஒரு விநாடியில் நூறில் இரண்டு பங்கு கூட. அவர் பலகையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"முப்பத்தஞ்செண்டு சொல்லுங்கோ, அண்ணை," என்று காதுக்குள் சொன்னார் மன்னார்ப் பெண். "ஒரு கைதானே. பாவம், ஜூலைக்குப் போகட்டும்."

"எண்ணினது முப்பத்தாறு."

"உங்களிட்டைப் போய்ச் சொன்னன் பாருங்கோ!"

மூன்று விரல்களைக் காட்டினேன். பிறகு ஆறு. பிரெஞ்சுக்காரர் தலையசைத்துவிட்டு, தடக் கயிறுகளுக்குக் கீழாக மூழ்கிப் போய் ஏணியால் ஏறினார்.

அடுத்த திங்கள் முதல், காலையில் நாலாம் தடத்தை முதியோர் வகுப்புக்குக் கொடுத்தார்கள்.