ஒரே பெயரில் இருவர்

மஸ்கட்டில் ரூவியில் இருந்த காலத்தில், போரில் இறந்துபோன ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாயின் பெயரை ஒரு புத்தகத்திலிருந்து நான் நீக்கிவிட்டேன். அதை வேண்டுமென்று செய்யவில்லை. அதற்குப் பிறகு ஒரு பொய் சொன்னேன். அது வேண்டுமென்றே சொன்னதுதான்.

நான் பாளையங்கோட்டையில் சரித்திரம் எம்.ஏ. படித்தவன். படித்த சரித்திரம் சோறு போடாததால் வளைகுடாவுக்குப் போய், பாலங்களும் சாலைகளும் வடிவமைக்கும் ஒரு கன்சல்டன்ட் ஆபீசில் டாக்குமெண்ட் கன்ட்ரோலராக இருபது வருஷம் இருந்தேன். பெயர்தான் பெரியது. வரைபடங்களின் பட்டியலை ஒழுங்காக வைத்திருப்பதுதான் வேலை. ஒரே தலைப்பில் இரண்டு வரைபடங்கள் வந்து, எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தால், முதலாவது பழையது, இரண்டாவது திருத்தியது. பழையதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும். அடிக்காமல் விட்டால் சைட்டில் யாராவது அதைப் பார்த்துத் தூண் எழுப்பிவிடுவார்கள். வருஷக்கணக்கில் இதைச் செய்ததில், இரண்டாக எதைப் பார்த்தாலும் ஒன்றை அடிக்கும் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது.

ஆபீசில் மூத்த பாலப் பொறியாளர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அறுபத்தைந்தைத் தாண்டியவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் ஊரில். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, நான் சரித்திரம் படித்தவன் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். ஆபீசில் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் ஒரு ஸ்காட்லாந்துக் காலாட்படை டிவிஷனில் குமாஸ்தாவாக இருந்தவர். போர் தொடங்கிய மறு வருஷமே அந்த டிவிஷன் பிரான்சின் கடற்கரையில் சுற்றிவளைக்கப்பட்டுச் சரணடைந்தது. ஆயிரக்கணக்கானவர்களை ஜெர்மானியர்கள் வாரக்கணக்கில் நடத்தியே சிறைமுகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். குமாஸ்தா ஒரு சின்ன நோட்டைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, சண்டையிலும் நடையிலும் இறந்த தன் பட்டாலியன்காரர்களின் பெயர், சிப்பாய் எண், ஊர் மூன்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போனார். ஐந்து வருஷம் சிறையில் அந்த நோட்டைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். மகன் அதை வைத்து டிவிஷனின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். சரணடைந்தது வரை ஒரு புத்தகம். அதே பெயரில் புதிதாகத் திரட்டப்பட்ட டிவிஷன் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்டது இரண்டாவது புத்தகம். நான் டைப் செய்து, சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலைகளில், நகரின் இன்னொரு பகுதியான குரும்மில் இருந்த அவர் வீட்டுக்குப் போவேன். அவர் கைப்பட எழுதிய தாள்களைத் தருவார். ரூவியில் என் ரூமுக்குக் கொண்டுவந்து டைப் செய்வேன். பச்சை உருளைக்கிழங்கை வயலிலிருந்து பிடுங்கித் தின்றதற்காகச் சுடப்பட்டவன், பூட்ஸ் தேய்ந்துபோய் மரக்கட்டைச் செருப்பில் நடந்தவன், நிலக்கரிப் படகின் அடித்தட்டில் நின்றபடியே தூங்கியவன் என்று ஒவ்வொரு தாளிலும் யாராவது இருந்தார்கள். ஊருக்கு எழுத வேண்டிய கடிதங்களைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு அதில் உட்கார்ந்திருந்தேன். ரூமில் என்னோடு இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கார்கோ கம்பெனியில் கணக்கெழுதுபவர், என்னைவிடப் பத்து வயது சிறியவர். "சண்டை பிடிச்சவன் வெள்ளைக்காரன், கணக்குப்பிள்ளை மட்டும் நாங்களோ அண்ணை?" என்று கேலி செய்வார்.

ஒரு முறை, ஒரு பட்டாலியன் ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இருந்ததாக எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தேன். ஸ்காட்லாந்துக்காரர் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் ஆபீசில் மற்றப் பொறியாளர்கள் முன்னால், இவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது.

புத்தகத்தின் கடைசியில் இறந்தவர் பட்டியல். நோட்டிலிருந்து அவரே தாளில் பெயர்த்து எழுதியிருந்தார். அதை டைப் செய்யும்போது அடுத்தடுத்து இரண்டு வரிகள் வந்தன. பெயர் ஒன்று, பட்டாலியன் ஒன்று, ஊர் ஒன்று, இறந்த வாரமும் ஒன்று. சிப்பாய் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்த வாரம் அவர் சோஹார் பக்கம் சைட்டில் இருந்தார். போன் செய்து கேட்டிருக்கலாம். எதையும் தப்பவிடாதவன் இவ்வளவு சின்ன விஷயத்துக்குக் கேட்கிறானே என்று நினைப்பாரோ என்று பட்டது. அவர் கை தவறி ஒரே ஆளை இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று தீர்மானித்து, முதல் வரியை டைப் செய்யாமல் விட்டுவிட்டேன். நான் கண்ட பிழைகளை எழுதி அவருக்குக் கொடுக்கும் பட்டியலில் இதைச் சேர்த்துக் காட்டியாவது இருக்கலாம். அதையும் செய்யவில்லை. அச்சுக்குப் போகும் முன் பைண்டு செய்த டைப் பிரதியை அவர் கடைசியாக ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் பார்த்தபின் நான் பார்க்க என்ன இருக்கிறது என்றார்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், இல்லை. எங்கள் லேபர் கேம்பில் ராமநாதபுரம் பக்கத்து வெல்டர்கள் இருவர் இருந்தார்கள். ஒரே ஊர், ஒரே பெயர், தகப்பன் பெயரும் ஒன்று. அவர்களை கேம்பில் ஐ.டி. நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். விசா தாள்களில் இருவரும் கலந்துவிடாமல் பிரித்து வைத்தவனே நான்தான். ஒரு குலதெய்வத்தின் பெயரை ஒரு தெருவில் பத்துப் பேருக்கு வைப்பவர்கள் நாம் மட்டும்தான், வெள்ளைக்காரர்கள் அப்படி வைக்கமாட்டார்கள் என்று யோசிக்காமலே நம்பியிருந்திருக்கிறேன். இவ்வளவு படித்தும் அப்படி.

ரூவியில் ஒரு மலையாளியின் அச்சகத்தில் புத்தகம் அச்சாகி வந்தது. முன்னுரையில் என் பெயரைப் போட்டு, இந்த நூலில் பிழைகள் இல்லையென்றால் அது இவரால் என்று எழுதியிருந்தார். ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்பினேன்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை போனபோது அவர் மேஜையில் ஒரு கடிதம் விரிந்து கிடந்தது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு கிராமத்திலிருந்து எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி நடுங்கும் கையெழுத்தில் எழுதியது. அதை என்னையே படிக்கச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் அண்ணனுக்கும் சித்தப்பா மகனுக்கும் தாத்தாவின் பெயரையே வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்ததால் அடுத்தடுத்த எண்கள். இருவரும் அந்த நடையில் இறந்ததாக அரசாங்கத்திலிருந்து தகவல் வந்தது. அண்ணனின் கல்லறை எங்கே என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. எண்ணை வைத்துப் பார்த்தால், இப்போது புத்தகத்தில் சித்தப்பா மகன் இருக்கிறார், அண்ணன் இல்லை. அந்த அம்மாள் குறை சொல்லவில்லை. கடைசி வரியில் கேட்டிருந்தது இதுதான்: குமாஸ்தாவின் நோட்டில் என் அண்ணன் பெயர் இல்லையென்றால், அவன் அங்கே சாகவில்லை என்று அர்த்தமா? எனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

ஸ்காட்லாந்துக்காரர் அப்பாவின் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். அதில் இரண்டு வரிகளும் இருந்தன. என்னைப் பார்த்து, குரலில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் கேட்டார்.

"நான் எழுதித் தந்த தாளில் இரண்டு பேரும் இருந்தார்களா?"

"ஒருவர்தான் இருந்தார் சார்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. ஆனால் சொன்ன மறு நிமிஷமே திருத்தியிருக்கலாம். அவர் நோட்டை மூடினார். இரண்டு வாரத்துக்கு முன்னால் காரை எங்கே நிறுத்தினோம் என்று மறந்து ஒரு மணி நேரம் தேடியதை எனக்கு நினைவுபடுத்தினார். அப்பாவுக்கும் இந்த வயதில் இப்படித்தான் தொடங்கியது, கடைசியில் என் பெயரே அவருக்குத் தெரியவில்லை என்றார். பிறகு மெதுவாக, "அப்படியானால் எனக்கும் தொடங்கிவிட்டது" என்றார்.

ரூமுக்கு வந்து கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் கிளறினேன். தாள் கிடைத்தது. இரண்டு பெயர்களும் இருந்தன, ஓரத்தில் என் கேள்விக்குறியும். யாழ்ப்பாணத்துக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவர் கேலி செய்யவில்லை. ஊரில் அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போய், வருஷக்கணக்காகச் செய்தி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"நாளைக்கே கொண்டுபோய்க் குடுங்கோ அண்ணை" என்றார். "அந்த மனுசி என்ன கேட்டிருக்கிறா? அண்ணன் உயிரோடை இருப்பானோ எண்டுதானே. எங்கடை அம்மாவும் ஒவ்வொரு முறை போன் எடுக்கேக்கையும் அதைத்தான் கேக்கிறா. அங்காலை, அந்த ஐயாவும் தனக்கு மூளை பிசகிப்போச்சுது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கப்போறார்."

சரி என்றேன். மறுநாள் மத்தியானம் ஆபீசில், காகிதம் நறுக்கும் மிஷினில் அந்தத் தாளைப் போட்டேன். அவரிடம் கொடுத்துவிட்டதாக யாழ்ப்பாணத்துக்காரரிடம் சொன்னேன். அவர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

விட்டுப்போன பெயரைச் சேர்த்துத் திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்தோம். மீதியிருந்த பிரதிகளில் அதை ஒட்டுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் வீட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒட்டிய பிரதியை அவர் மறுபடி திறந்து, சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார். அடுக்கி வைத்த பிறகு இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார். வடக்கே இருந்த அந்த அம்மாளுக்கு, உங்கள் அண்ணன் இறந்தது உண்மை, விட்டுப்போனது என் தவறு என்று எழுதியிருந்தார். அந்த அம்மாளிடமிருந்து பதில் வரவில்லை.

அதன் பிறகு அவர் கார் ஓட்டுவதை நிறுத்தினார். தான் போட்ட பாலக் கணக்குகளை வேறு ஒருவர் முழுக்கச் சரிபார்க்க வேண்டும் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தார். அவர் கணக்கில் யாரும் தவறு கண்டதில்லை. மேனேஜர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அந்த வருஷமே வேலையை விட்டார். பாலைவனப் போர் பற்றிய இரண்டாவது புத்தகத்துக்குச் சேர்த்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அவற்றைத் தந்த குடும்பங்களுக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் பார்சல்களில் விலாசம் எழுதியவன் நான். தன்னை நம்பித் தந்தவற்றை இனி வைத்துக்கொள்வது நியாயமில்லை என்றார். அழைத்துப்போக வந்த மகள் விமான நிலையத்தில் என்னிடம், அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று சொன்னாள். நான் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை முடித்து ஊருக்கு வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அவருக்கு எழுதினேன். நான்கு பக்கம். தாளில் இரண்டு பெயர்களும் இருந்தன, நீக்கியவன் நான், பொய் சொன்னவன் நான், தாளை அழித்தவனும் நான், உங்கள் நினைவில் அன்று எந்தக் குறையும் இல்லை என்று வளைக்காமல் எழுதினேன்.

பதில் மகளிடமிருந்து வந்தது. அப்பாவை எந்த டாக்டரிடமும் அழைத்துப்போக முடியவில்லை, தெரிந்ததைத் தெரிந்துகொள்ள எதற்கு டாக்டர் என்கிறார், தான் எழுதுவதைத் தானே நம்ப மறுப்பதைத் தவிர அவரிடம் வேறு குழப்பம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாள். என் கடிதத்தை அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாளாம். கேட்டுவிட்டு, இவர் நல்ல மனிதர், நான் நிம்மதியாகச் சாக வேண்டும் என்பதற்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்றாராம். அவருக்கு நன்றி சொல், ஆனால் ஒரு பெயரை விட்டது நான்தான், எனக்குத் தெரியும் என்றும் சொன்னாராம்.

மறுபடியும் எழுதினேன். அவரை நம்பவைத்திருக்கக்கூடிய ஒரே சான்று நான் அழித்துவிட்ட அந்தத் தாள்தான். இரண்டாவது கடிதத்துக்கும் நன்றி சொல்லித்தான் பதில் வந்தது.