அதிகாரிக்கு வாங்கிய மோர்

தளும்பத் தளும்ப மோர் நிறைந்த ஒரு பித்தளைச் செம்பு. மேலே இரண்டு கறிவேப்பிலை மிதக்கிறது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முக்காடு விலகாமல், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வருகிறாள் என் அத்தை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் செம்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. தாலுகா ஆபீசில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. தலைக்கனம் பிடித்தவன், விசாரணைக்குப் போன வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான் என்பார்கள். சாதி பார்க்கிறான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்கம் சொல்வதென்றால் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்கு எனக்கு மனசு வரவில்லை. இப்போது வயசாகிவிட்டது, சொல்லித் தொலைக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். ஆவடிக்குப் பட்டாளம் வருவதற்கு முந்தின வருஷங்கள். அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அம்பத்தூர் ஏரி, எங்கள் திருமுல்லைவாயில் ஏரி எல்லாம் வெடித்துக் கிடந்தன. மாடு வைத்திருந்தவர்கள் பூந்தமல்லிச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய், வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். அப்போதுதான் சர்க்கார் எங்கள் ஊரில் கஞ்சித் தொட்டி திறந்தது. எட்டாவது வரை படித்திருந்தேன் என்பதற்காக என்னை அங்கே எழுத்து வேலைக்குப் போட்டார்கள். இருபத்திரண்டு வயசு. காதில் பென்சில் செருகிக்கொண்டு நான் நடந்த நடையை இன்று நினைத்தால் எனக்கே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

சர்க்கார் உதவி மூன்று தினுசாக இருந்தது. உடம்பில் தெம்பு இருக்கிறவர்கள் ஏரியில் மண் சுமந்து கூலி வாங்க வேண்டும். அதற்கு முடியாதவர்கள் தொட்டிக் கொட்டகைக்கு வந்து, வரிசையில் உட்கார்ந்து, அங்கேயே கஞ்சி குடித்துவிட்டுப் போக வேண்டும். ஒரு சொட்டுகூட வெளியே எடுத்துப் போகக் கூடாது. எடுத்துப் போனால் விற்றுவிடுவார்களாம். எழுந்து நடக்கவே முடியாமல், சம்பாதித்துப் போடவும் நாதியில்லாமல் கிடக்கிறவர்களுக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே தானியம் போகும். அந்த வீட்டுப் படி யாருக்கு என்று நான் பட்டியல் எழுத வேண்டும், ரெவினியூ இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து பார்த்து முடிவு செய்வார்.

அத்தை என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மாமா விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. குத்தகை நிலமும் கைவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது மாமனார் மட்டும்தான். அவருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, கண்ணும் தெரியாது. அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அத்தைதான். அவரைத் தனியாக விட்டுவிட்டு ஏரி வேலைக்கு அவளால் போக முடியாது. ஆகவே அவர்கள் இருவருக்கும் வீட்டுப் படி என்று பட்டியலில் முதல் பேராக எழுதினேன். அதற்கு அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "சர்க்கார் சோறு துன்றவன்னு பேரு வந்துச்சின்னா, உங்க மாமா ஆவி கூடத் தாங்காது நைனா" என்றாள். கடைசியில் மாமனாரைக் காட்டித்தான் தலையாட்ட வைத்தேன்.

அதோடு என் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் அவள் வீட்டு வாசலில் நின்று, பெரிய மனுஷன் மாதிரி, "அத்தே, நாளைக்கு அதிகாரி வர்றாரு. ஊட்டை கொஞ்சம் சுத்தமா வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதிகாரி முகம் சுளிக்கக் கூடாது, என் பட்டியலுக்கு நல்ல பேர் வர வேண்டும் என்ற எண்ணம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது இன்றைக்கும்.

மறுநாள் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு நான் அந்தத் தெருவில் நுழைந்தேன். வறண்ட தெருவில் அத்தை வீடு மட்டும் கல்யாண வீடு மாதிரி நின்றது. வாசல் பெருக்கிச் சாணம் தெளித்திருந்தது. அரிசி மாவுக்கு எங்கே போவாள், சுண்ணாம்புப் பொடியில் கோலம் போட்டிருந்தாள். அவள் மேல் வெளுத்து மடிப்புக் கலையாத புடவை. வாசலில் ஒரு மர நாற்காலி. அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். மணியக்காரர் வீட்டுக் கூடத்தில் கிடக்கிற நாற்காலி. புடவையும் அந்த வீட்டு அம்மாளுடையதுதான். எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. வீடு தேடி வந்தவனை வெறும் கையோடு, வெறும் வயிற்றோடு அனுப்பினால் அந்த வீட்டுக்கே மானம் போன மாதிரி. அதிலும் வருகிறவர் அதிகாரி. தனக்கென்று ஒரு பிடி அரிசி கேட்க வாய் வராதவள், அதிகாரிக்கு என்று சொல்லி நாற்காலி கேட்டிருக்கிறாள், புடவை கேட்டிருக்கிறாள், மோரும் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அவர்களும் அதிகாரிக்கு என்றதும் பெருங்காயம் தட்டிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அசலூர்க்காரர். காலையிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்துக் களைத்துப் போயிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் "அப்பாடா" என்றார். அத்தை செம்பிலிருந்து தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். உள்ளேயிருந்து கிழவரின் குரல் வந்தது. "மோரு வாசன வர்தே... மோரா கண்ணு?" அத்தை உள்ளே திரும்பி, சிரித்த முகமாக, "இரு மாமா, மொதல்ல அய்யா சாப்டட்டும்" என்றாள். இன்ஸ்பெக்டர் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்து உள்ளே எட்டிப் பார்த்து, கிழவரின் பாய் சுத்தமாக இருப்பதைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். என் கையிலிருந்த பட்டியலை வாங்கி முதல் பேரை அடித்தார்.

"என்னய்யா எழுதியிருக்கே? மோர் கொடுத்து உபசாரம் பண்ற வீட்டுக்கா தர்மப் படி?" என்றார்.

எனக்குத் தொண்டை வரை வந்தது, இரவல் ஐயா, எல்லாமே இரவல் என்று. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. நான் சொல்லவில்லை. அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் அடுத்த வீட்டுப் பக்கம் நகர்ந்ததும் செம்பின் அடியில் கிடந்த ஒரு வாய் மோரை அவள் கிழவரின் வாயில் ஊற்றினாள். அவர் சப்புக்கொட்டிக்கொண்டு, "வந்தவரு நல்லா குடிச்சாரா?" என்று கேட்டார்.

மனசு கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரை ரயிலடி வரை கொண்டுவிடப் போகும்போது சொல்லிவிட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. "பாருய்யா, இரவல் தர ஒரு வீடு இருக்குன்னா அவங்களுக்கு ஆதரவு இருக்குன்னுதானே அர்த்தம்? ஆதரவில்லாதவங்களுக்குத்தானே படி? நாளைக்கு மேலே இருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். எப்படி இருக்கிறது நியாயம்! சட்டத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதை எழுதியவர்களுக்கு ஏழை என்றால் அழுக்காக இருப்பான், கையேந்துவான், அழுவான் என்று மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஏழை விருந்தாளிக்கு மோர் கொடுப்பான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. மனு எழுதிக் கொடு, மறுபடி வரும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார். அன்று மாலையே மனு எழுதி அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து அத்தை கஞ்சித் தொட்டிக்கு வந்தாள். கிழவரைத் தூங்க வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். வரிசையின் கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். தண்ணீராக இருந்ததைக் குடித்துவிட்டு, அடியில் தங்கிய பருக்கையை மட்டும் பிழிந்து முந்தானைக்குள் முடிந்துகொண்டாள். கிழவருக்கு. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். இப்படி ஒரு வாரம் போயிற்று. அப்புறம் ஒரு நாள் கொட்டகை மேஸ்திரி பார்த்துவிட்டான்.

"இன்னாம்மே, மடியில இன்னா முடிஞ்சிகினு போற? அவுத்துக் காட்டு!" என்று கத்தினான். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தது. அத்தை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு கைப்பிடிகூடத் தேறாத பருக்கை. அதைத் தொட்டியில் திரும்பப் போட்டுவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு போனாள். நான் எழுந்து போய் மேஸ்திரியிடம் சண்டை போட்டேன். "ரூலு நைனா, நான் இன்னா பண்றது? உனுக்கு அத்தைன்றதால உட்டுர முடியுமா?" என்றான்.  அவனைப் பேசவைத்த அதே ரூலுக்குத்தான் நானும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அத்தை பிறகு தொட்டிப் பக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுக் கேழ்வரகில் கொஞ்சம் களி கிண்டச் சொல்லி, ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு இரண்டு முறை போனேன். முதல் முறை வாங்கிக்கொண்டாள். மறுமுறை கதவை முழுக்கத் திறக்கவே இல்லை. இடுக்கு வழியாக, "உங்க ஊட்ல அஞ்சி பேரு கீறீங்க, எடுத்துகினு போ நைனா. நாங்க சாப்டாச்சி" என்றாள். அடுப்பில் புகை வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கூரையைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் நான் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டாமா? போகவில்லை. அவள் சொன்னதை நம்புகிற மாதிரி நானும் நடித்தேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது கிழவர் செத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இந்த முறை வாசலில் நாற்காலி இல்லை, கோலமும் இல்லை. அத்தை தன் கிழிசல் புடவையில் நின்றாள். இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், இந்த அம்மாள் பேரையாவது சேர்த்துவிடலாமே என்றார். நான் பென்சிலை எடுத்தேன். அத்தை குறுக்கிட்டாள்.

"எனுக்கு எதுக்கு சாமி? அவுர உட்டுட்டு வர முடியாமத்தான் கேட்டது. இப்பத்தான் அவுரே இல்லியே. எனுக்கு கையி காலு நல்லாத்தான் கீது."

அவள் சொன்னதும் சட்டம்தான். திடகாத்திரமான ஆளுக்கு வீட்டுப் படி கிடையாது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மனுவை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

சுதந்திரம் வந்து, நானும் ஒரு நாள் ரெவினியூ இன்ஸ்பெக்டர் ஆனேன். முதியோர் உதவி, விதவை உதவி என்று எத்தனையோ பட்டியல் என் கையால் போயிற்று. எந்த வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லி அனுப்ப மாட்டேன். உள்ளே எட்டிப் பார்த்துச் சாமான் எண்ண மாட்டேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கும் சேர்த்துத் தர வேண்டும், வயிற்றுக்குக் கொடுப்பதை வீட்டுக்கு எடுத்துப் போக விட வேண்டும் என்று மேலே எழுதிக்கொண்டே இருந்தேன். சிலது நடந்தது, பலது ஃபைலிலேயே தூங்கிற்று. இன்று எவ்வளவோ வந்துவிட்டது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதும், வீட்டில் ஃபேன் ஓடுகிறது என்று ஒருத்தி பேரை அடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டால் எனக்கு உடம்பெல்லாம் பதறுகிறது.

அந்த இரண்டாம் விசாரணைக்கு மறுநாள், ஏரி வேலையில் ஆள் கணக்குப் பார்க்க நான் கரைமேல் போனேன். உச்சி வெயில். கீழே பள்ளத்திலிருந்து பெண்கள் வரிசையாக மண் கூடை சுமந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் அத்தை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது, கால் நடுங்கியது. என்னைக் கண்டதும் வரிசையிலிருந்து ஒதுங்கி, தலையில் கூடையோடு என் எதிரில் நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் என் முகத்தை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா நைனா, மூஞ்சி வாடிகினு கீது. சாப்டியா?" என்றாள்.

நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.