ஐந்து நிமிடத்தில் மாட்டிய பெல்ட்

மாவு மில்லின் சிமெண்ட் தரையில் அறுந்த பெல்ட்டுகள் மூன்று கிடந்தன. மில்லுக்கார அக்கா அவற்றை ஈரத்துணியால் மாவு போகத் துடைத்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நீட்டி வைத்திருந்தார். வெளியே குற்றாலச் சாரல் நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. "இது மூணையும் பாருங்க தம்பி. எங்கன தேஞ்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். குந்தி உட்கார்ந்து முதல் பெல்ட்டைக் கையில் எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் அது எதனால் அறுந்தது என்று தெரிந்துவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பதினாறு வருடத்துக்கு முந்திய கதை இது. அப்போதே தென்காசி வட்டாரத்தில் மெக்கானிக் என்று எனக்கு நல்ல பெயர். நெல் மில், மாவு மில், மரம் அறுக்கும் பட்டறை என்று பெல்ட் ஓடுகிற இடத்துக்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் சொல்கிறேன், பெல்ட் விஷயத்தில் எனக்கு ஞானம் குறைச்சல் இல்லை. மோட்டாரைப் போட்டதும் கிறீச்சென்று கத்தினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது. பக்கங்கள் பளபளவென்று மின்னினால் வழுக்கியே ஓடியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பெல்ட் சுற்றுகிற சக்கரங்களான இரண்டு புல்லிகளும் ஒரே நேரில் இல்லை, ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடிப்பக்கம் வெடிப்பு விட்டிருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. அறுந்துவிடுமோ என்று பயந்து விறைப்பாக இழுத்துக் கட்டினால் பெல்ட் பிழைத்துக்கொள்ளும், பேரிங் செத்துப்போகும். எங்கள் பக்கத்தில் பெல்ட் சத்தம் போட்டால் துணி சோப்பை எடுத்துத் தேய்த்துவிடுவார்கள். சத்தம் அன்றைக்கு அடங்கும், மறுநாள் இன்னும் அதிகமாக வழுக்கும். அப்படித் தேய்த்தவர்களை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். மற்றவர்கள் தப்பு என் கண்ணுக்குப் பளிச்சென்று படும்.

இவ்வளவையும்விட எனக்குப் பெருமை என் வேகத்தில் இருந்தது. பெல்ட் மாற்ற வேண்டுமென்றால் மோட்டாரின் நான்கு போல்ட்டுகளையும் இளக்கி, மோட்டாரை முன்னால் தள்ளி, பெல்ட்டைத் தொய்வாகப் போட்டு, பிறகு மோட்டாரைப் பின்னால் இழுத்து முடுக்க வேண்டும். மாவு மில்லில் அந்த போல்ட்டுகள் மாவும் துருவும் ஏறி இறுகிப்போயிருக்கும். அரை மணி நேர வேலை. நான் அதையெல்லாம் செய்வதில்லை. சின்னப் புல்லியில் பெல்ட்டை மாட்டி, பெரிய புல்லியின் விளிம்பில் ஒரு நீளமான ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பி, கையால் புல்லியைச் சுற்றினால் பெல்ட் கடக்கென்று ஏறி உட்கார்ந்துவிடும். ஐந்தே நிமிடம். அரிசி டின்னோடு வரிசையில் நிற்கிற பெண்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் அப்படிச் செய்தேன் என்று இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அக்காவின் மில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்தது. கணவர் சவூதியில் இருந்தார். பதினோரு வருடமாக மில்லை ஓட்டியது அக்காதான். இடியாப்ப மாவுக்கு எவ்வளவு நைஸ், புட்டு மாவுக்கு எவ்வளவு கொரகொரப்பு என்பதை விரலால் தொட்டே சொல்லிவிடுவார். இடம் மட்டும் குடும்பத்துப் பொது இடம். சீசனுக்குக் கூட்டம் நெரிகிற சாலையில் ஒரு மாவு மில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று அவருடைய கொழுந்தனாருக்கு ரொம்ப நாளாக உறுத்தல். நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு இடம் கேட்டு செங்கோட்டைக்காரர் ஒருவர் அவரிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். மூடுவதற்கு ஒரு சாக்குதான் கிடைக்கவில்லை.

அந்தச் சாக்கை நான் எடுத்துக் கொடுத்தேன். ஆனி மாதத்தில் மாவு மெஷினுக்கு நான் நெம்பி மாட்டிக் கொடுத்த புது பெல்ட் இரண்டே வாரத்தில் அறுந்தது. அதில் இரண்டு பெல்ட்டுகள் ஜோடியாக ஓடும். ஒன்று அறுந்தாலும் இரண்டையும் மாற்றுவதுதான் முறை, இல்லாவிட்டால் பாரமெல்லாம் புதியதன் தலையில் விழும். அதைச் சரியாகச் செய்தேன், நெம்பித்தான் மாட்டினேன். பத்து நாளில் மறுபடி அறுந்தது. சாரல் ஈரம் என்றேன். அடுத்த பன்னிரண்டாவது நாள் மூன்றாவது தடவையாக அறுந்தபோது கொழுந்தனார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்னதான்லே கோளாறு?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல என் வாய் வரவில்லை. "ஷாஃப்ட் வளைஞ்சிட்டு அண்ணாச்சி. இனிமே இந்த மெஷின் தேறாது" என்றேன். புல்லி மாட்டியிருக்கிற அந்த இரும்புத் தண்டை, ஷாஃப்ட்டை, நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் வருகிற வெள்ளிக்கிழமையே சிப்ஸ்காரரை வரச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அக்கா எனக்கு போன் செய்து, ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னார். போனேன். அப்போதுதான் அந்த மூன்று பெல்ட்டுகளும் தரையில் கிடந்தன. மூன்றுக்கும் பக்கவாட்டில் தேய்மானம் இல்லை. பளபளப்பு இல்லை, வெடிப்பு இல்லை. அச்சடித்த எழுத்துக்கூட அழியாமல் இருந்தது. ஷாஃப்ட் வளைந்து ஓடியிருந்தால் இப்படிப் புது மெருகோடு அறுந்திருக்காது. அறுந்த இடத்தில் உள்ளே இருக்கிற நூல் கயிறுகள் மட்டும் பிசிறிக் கிடந்தன. நெம்பும்போதே உள்கயிறு நைந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. நல்ல பெல்ட் மாதிரியே பத்து நாள் ஓடிவிட்டுப் பட்டென்று போகும். பிறர் பெல்ட்டையெல்லாம் அலசிக் குற்றம் சொன்ன நான், நானே மாட்டியது அறுந்தபோது ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

அக்கா மூலையில் இருந்த மிளகாய் மெஷினைக் காட்டினார். "அதுல கிடக்கது நான் மாட்டுன பெல்ட்டு தம்பி. ரெண்டு வருசமா ஓடுது. உங்கள மாதிரி நெம்புததுக்கு எனக்குக் கையில பெலம் கிடையாது. மண்ணெண்ணெய் ஊத்தி ஊத்தி போல்ட்ட இளக்கி, ஒரு மணி நேரமா அதோட மல்லுக்கட்டித்தான் மாட்டுனேன். அதே கடைல வாங்குன பெல்ட்டுதான். அதே சாரல்தான். அது ஏன் அறுந்து போகல?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. "இந்த மில்லு போச்சுன்னா நான் அடுப்படில போயித்தான் நிக்கணும். அதான் கேக்கேன்" என்றார். பெல்ட் தரம் சரியில்லை என்று பழியைக் கடை மேல் போட ஒரு கணம் நாக்கு துறுதுறுத்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. "நான் நெம்புனதுதான்க்கா காரணம்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தார்.

நூல் பிடித்துப் பார்த்தேன். ஷாஃப்ட் ஈர்க்குச்சி அளவுகூட வளையவில்லை. போல்ட்டுகளை இளக்கி, முறைப்படி புது ஜோடியைப் போட்டு, நடுவில் கட்டைவிரலால் அழுத்தி விறைப்புப் பார்த்து முடுக்கினேன். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. மறுநாள் கொழுந்தனார் சிப்ஸ்காரரோடு வந்தபோது, மாவரைக்க ஏழெட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஓடுகிற மெஷினைப் பார்த்து அவருக்குக் கோபம். "அன்னைக்கு ஷாஃப்ட் வளைஞ்சிட்டுன்னே. இன்னைக்கு எப்படிலே நிமுந்துச்சு? மைனி சொல்லிக் கொடுத்தாகளா?" என்றார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன். "மெஷின் நல்லா இருக்கு அண்ணாச்சி. ஷாஃப்ட்ட நான் பாக்கவே இல்ல, சும்மா அடிச்சி விட்டேன். மூணு பெல்ட்டும் அறுந்தது நான் நெம்பி மாட்டுனதால." ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். சிப்ஸ்காரர் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

செய்தி மேலகரம், இலஞ்சி வரைக்கும் என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாள் என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்களும், "ஸ்குரூடிரைவர வீட்டுல வச்சிட்டு வா" என்று கிண்டல் செய்தார்கள். அதெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். வேலை தெரிந்தவனுக்குப் பெயர் திரும்பி வந்துவிடும், எனக்கும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு அக்கா கேட்டதுதான் இன்னும் தைக்கிறது. நன்றி சொல்வார் என்று நான் உள்ளூர எதிர்பார்த்து நின்றேன். "அன்னைக்கே இதச் சொல்லிருக்கலாம்லா?" என்றார். "அன்னைக்கு எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "தெரியலன்னு சொல்லிருக்கலாம்லா தம்பி?" என்றார். அப்புறம் ஆறேழு வருடம் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. பெல்ட்டைத் தானே மாற்றிக்கொண்டார், மற்றதற்கு ஆலங்குளத்திலிருந்து வேறு ஆளை வரவழைத்தார். மில் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு ஒன்றிரண்டு தடவை அவசரத்துக்குக் கூப்பிட்டார், போனேன், வேலையை முடித்தேன், அவ்வளவுதான். போன மாதம் காலையில் பட்டறையைத் திறந்த கையோடு அவரிடமிருந்து போன் வந்தது. மாவு மெஷினில் புதிதாக ஒரு சத்தம், விட்டு விட்டுக் கேட்கிறது, பெல்ட்டை மாற்றியும் போகவில்லை என்றார். போனை மெஷின் பக்கம் பிடிக்கச் சொன்னேன். கேட்டேன். பேரிங்காக இருக்கலாம், புல்லியை ஷாஃப்ட்டோடு பிடித்திருக்கிற சாவி இளகியிருக்கலாம். ஏதாவது ஒன்றை அடித்துச் சொல்ல இப்போதும் என் வாய் அரிக்கத்தான் செய்தது. "தெரியலக்கா. வந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றேன். எதிர்ப்பக்கத்தில் மெஷினை அவர் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப வாங்க தம்பி" என்றார். "நீங்க வார வரைக்கும் நிறுத்திப் போட்டு வைக்கேன்."