ஆறு தாண்டிய உயில் கதவு

ரோஸ்லினுக்கு ஐம்பத்து மூன்று வயது. காவிரியின் கிளையாறு ஒன்றின் வடகரையில் இருந்த நீதிமன்றத்தில் பதிவறை எழுத்தர். இருபத்தாறு வருட வேலையில் ஒரு தாள்கூடத் தவறியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். கணவர் ரெமிஜியஸ் கடைக்குப் போய்வந்தால், சீட்டில் எழுதியதை ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகுதான் பை அடுப்படிக்குள் போகும்.

தென்கரையில் புதிதாக ஒரு நீதிமன்றம் திறந்தபோது, உயில் வழக்குகளையெல்லாம் அங்கே மாற்றும்படி உத்தரவு வந்தது. மொத்தம் முப்பத்தெட்டு கட்டுகள். முப்பத்தேழை ரோஸ்லின் ஒரே நாளில் அனுப்பிவிட்டார். முப்பத்தெட்டாவது, பத்தாயத்துக் கதவு.

அது ஆசீர்வாதம் என்ற விவசாயியின் உயில். மனிதர் முதலில் இரண்டு முறை காகிதத்தில்தான் எழுதினார். ஒன்றை மகள் அனிட்டா கிழித்தாள், இன்னொன்றை மகன் அருள்பிரகாஷ் கிழித்தான். மூன்றாம் முறை, நெல் கொட்டும் பத்தாயத்தின் கதவைக் கழற்றிப் போட்டு, பச்சை பெயிண்டில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளையும் அதே பிரஷ்ஷால் கையெழுத்துப் போட வைத்தார். “இப்ப கிழிங்க பாப்போம்” என்றாராம். அடுத்த வருடம் இறந்துபோனார். பிள்ளைகள் வழக்குக்குப் போனார்கள். கதவு கோர்ட்டுக்குப் போனது.

அசல் உயிலை முத்திரையிட்ட உறையில்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஐந்தடிக் கதவுக்கு உறை எங்கே கிடைக்கும்? ரோஸ்லின் நான்கு யூரியா சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் சேர்த்துத் தைத்து, தையல் முடிந்த இடத்தில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, தானும் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறு தாண்டினார்.

தென்கரை எழுத்தர் செந்தாமரை உறையைச் சுற்றி வந்து பார்த்தாள். “மேடம், மேல யூரியான்னு போட்டிருக்கே?”

“உள்ள உயில்தாங்க இருக்கு.”

“எத்தனை பக்கம்னு எழுதட்டும்?”

“ஒண்ணு.”

“இணைப்பு ஏதாவது?”

ரோஸ்லின் யோசித்தார். பொய் எழுதிப் பழக்கமில்லை. “கீல் ரெண்டு, தாழ்ப்பாள் ஒண்ணு.” செந்தாமரை அப்படியே எழுதிக்கொண்டாள்.

இரண்டே மாதத்தில் கதவு திரும்பியது. தென்கரை நீதிபதி வக்கீலாக இருந்த காலத்தில் அருள்பிரகாஷுக்காக ஒரு முறை வாதாடியவர். இந்த வழக்கை நான் விசாரிப்பது முறையல்ல என்று எழுதிவிட்டார். கதவை வாங்கிவரப் போன ரோஸ்லின், அன்று வண்டி கிடைக்காததால் அதை டவுன் பஸ்ஸில் ஏற்றினார்.

“என்னம்மா இது, கட்டில் பலகையா?” என்றார் கண்டக்டர்.

“உயில்ங்க.”

“சரி, உயிலைக் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க. ஆளுங்க ஏறணும்ல?”

பின் சீட்டுப் பெரியவர் ஒருவர் கவலையோடு கேட்டார், “நானும் ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், இம்மாம் நீளமில்லையே. செல்லுமாம்மா?”

தை மாதம் தென்கரைக்குப் புது நீதிபதி வந்தார். கதவு மறுபடி போக வேண்டும். ஆனால் பாலத்தில் பழுதுபார்ப்பு, நடந்துதான் போக முடியும். அலுவலக உதவியாளர் இடுப்புப் பிடிப்பென்று விடுப்பில் இருந்தார். ரோஸ்லின் வேறு வழியில்லாமல் நீதிபதியிடம் அனுமதி வாங்கி, வழக்காடும் இருவரையுமே வரச்சொன்னார். முன்னால் அருள்பிரகாஷ், பின்னால் அனிட்டா, நடுவில் முத்திரையின் மேல் கை வைத்தபடி ரோஸ்லின்.

அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருடமாகியிருந்தது.

“மேடம், கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க” என்றாள் அனிட்டா.

“மெதுவா போகணுமாம்” என்றார் ரோஸ்லின்.

“ஒசத்திப் பிடிக்கச் சொல்லுங்க. பாரமெல்லாம் எனக்கே வருது” என்றான் அருள்பிரகாஷ்.

“ஒசத்திப் பிடிக்கணுமாம்.”

இப்படிப் பாதிப் பாலம் போனது. அப்போது எதிரே, அறுத்த வயலில் மேய விட ஐந்நூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். வாத்துகள் வழிவிடுவதில்லை. கால்களுக்கு நடுவே புகுந்தன. கதவுக்கு அடியிலும் புகுந்தன. ரோஸ்லின் மொழிபெயர்ப்பதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

“டேய் அருளு, விழப்போறடா! நில்லு!”

“நிக்கிறேன்க்கா! நீ தள்ளாத!”

“நான் எங்கடா தள்ளுறேன்? வாத்துடா!”

கதவைக் கீழே வைத்தார்கள். ரோஸ்லின் முத்திரையைக் காக்கக் கதவின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு வாத்தும் உட்கார்ந்தது. அனிட்டா சிரிக்க ஆரம்பித்தாள். அருள்பிரகாஷ் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சிரித்து முடித்ததும் சண்டை தொடங்கியது. முதல் உயிலை ஏன் கிழித்தாய், இரண்டாவதை ஏன் கிழித்தாய் என்று அரை மணி நேரம். ஆனால் நேருக்கு நேராகப் போட்ட சண்டை. ரோஸ்லினுக்கு மொழிபெயர்க்கும் வேலை மிச்சம்.

சித்திரையில் இருவரும் சேர்ந்து சமாதான மனு கொடுத்தார்கள். கதவில் எழுதியிருந்தபடியே வீடு அக்காவுக்கு, நஞ்சை தம்பிக்கு. தீர்ப்பான மறுநாள் ஒரு டப்பா அசோகா அல்வாவோடு ரோஸ்லினைப் பார்க்க வந்தார்கள்.

“கவர்மெண்டு வேலையில இருக்கேங்க, இதெல்லாம் வாங்கக்கூடாது” என்றார் ரோஸ்லின்.

“வாங்க வேணாம் மேடம். நாங்க சாப்பிடுறோம், நீங்க கூட உக்காருங்க” என்றாள் அனிட்டா.

உணவு இடைவேளைக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. ரோஸ்லின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.