கோமாரி வீதியில் ஐம்பது நிமிடம்

என் தம்பி றவூப் கல்முனையில் கார் திருத்துகிறவன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்துவது என் தொழில். ஒரு இஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிப்பதில் றவூபுக்குச் சமமான ஆள் அக்கரைப்பற்று வரைக்கும் இல்லை. அவனுக்கு மூத்தவன், காக்கா என்பதற்காக இதை நான் சொல்லவில்லை. வாப்பாவின் மையத்தை அடக்கம் செய்த அன்று அவன் பிந்தி வந்ததை இன்றும் குடும்பத்தில் கதைக்கிறார்கள். அதனால் நடந்ததை நேரம் குறித்து எழுதுகிறேன்.

1981 மாசி மாதம், ஒரு புதன்கிழமை. வாப்பா பொத்துவிலில் எங்கள் தங்கச்சி சரீபாவின் வீட்டில் மவுத்தாகிவிட்டார் என்று காலை ஒன்பதரைக்கு எங்களுக்குக் கல்முனைக் கடைப் போனில் செய்தி வந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். மையத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். முகம் பார்க்க வேண்டுமானால் பன்னிரண்டரைக்குள் போய்ச் சேரவேண்டும்.

பஸ் போய்விட்டிருந்தது. ஓய்வுபெற்ற நிலஅளவையாளர் கனகசபாபதி ஐயாவின் பழைய கார் பிரேக் வேலைக்காக றவூபின் பட்டறையில் நின்றது. வேலையும் முடிந்திருந்தது. அவன் ஐயாவின் வீட்டுக்கு ஓடினான்.

"இதெல்லாம் கேக்கிற விசயமா தம்பி? எடுத்துக்கொண்டு போங்க" என்று ஐயா சொன்னாராம்.

பத்தரைக்குப் புறப்பட்டோம்.  திருக்கோவில் தாண்டி, கோமாரிக்குக் கிட்ட வரும்போது பதினொன்று ஐம்பது. இஞ்சினுக்குள் ஒயில் அமுக்கம் எவ்வளவு என்று காட்டும் மீற்றரின் ஊசி நாற்பதில் இருந்து இறங்கிப் பூச்சியத்தில் விழுந்தது. றவூப் உடனே இஞ்சினை நிறுத்திவிட்டான்.

"என்னடா?"

"ஒயில் அமுக்கம் இல்ல காக்கா."

"மீற்றர் பழுதா இரிக்கும். கடல் காத்துக்கு எந்தக் காருலடா மீற்றர் ஒழுங்கா இரிக்கி? ஓட்டு."

"மீற்றர் பழுதெண்டா ஓட்டலாம். அமுக்கமே இல்லாட்டி ரெண்டு கட்டை தூரத்துல இஞ்சின் இறுகிப்போயிரும். ஐயாட காரு."

எதிரே நெல் மூடைகளோடு வந்த உழவு மெசினை நிறுத்திச் சாரதி எட்டிப் பார்த்தான். கோமாரிக்காரன், பெயர் குணம்.

"ஊசியைப் பாத்தா வண்டி ஓட்டுற? என்ட மெசினில அது செத்து நாலு வருசம். திவசமும் குடுத்தாச்சு!" என்று சிரித்துவிட்டுப் போனான்.

றவூப் ஒயில் மட்டம் பார்த்தான். சரியாக இருந்தது. விரலில் தேய்த்து மணந்து பார்த்தான். பெற்றோல் கலக்கவில்லை. பிறகு மீற்றருக்குப் பின்னால் வரும் மெல்லிய செம்புக் குழாயைக் கழற்றி, என்னை ஒரு கணம் இஞ்சினை இயக்கச் சொன்னான். குழாயில் ஒரு சொட்டு ஒயில் வரவில்லை. அமுக்கம் உண்மையாகவே இல்லை என்று நான் நினைத்தேன். வேறொருவன் அதோடு விட்டிருப்பான்.

"மற்றத் தலைப்பையும் பாப்பம்" என்றான்.

அந்தத் தலைப்பு இஞ்சினோடு சேரும் இடம் கொதித்துக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு திருகினான். கை சுட்டது, விடவில்லை. அதைக் கழற்றி இயக்கியதும் ஒயில் பீறிட்டு அவன் போட்டிருந்த சேட்டில் அடித்தது. அமுக்கம் இருந்தது. குழாய்தான் அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தி, வாயால் ஊதினான். கறுத்த நூல்துண்டு ஒன்று வெளியே வந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

முந்தின நாள் பட்டறையில் அவன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்த நேரம், குழாயின் அந்த இணைப்பில் ஒயில் கசிவதைக் கண்டு நான்தான் கழற்றி, நூல் சுற்றி இறுக்கினேன். தண்ணீர் மெசினின் குழாய்களுக்கு நாங்கள் அப்படித்தான் செய்வோம். கசிவு நின்றது. அவனிடம் சொல்ல மறந்துபோனேன்.

அவன் குழாயைப் பூட்டினான். ஊசி நாற்பதுக்கு ஏறியது. அப்போது பன்னிரண்டு நாற்பது.

ஒன்று ஐந்துக்கு மையவாடிக்குப் போனோம். மண் மூடியாகிவிட்டது. ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முகைதீன்பாவா மாமா றவூபின் சேட்டைப் பார்த்து, ஏன் பிந்தியது என்று கேட்டார். வழியில் காரைத் திருத்தியதை றவூப் சொன்னான்.

"ஊருட கார் எல்லாம் ஓடுது. மெக்கானிக்குட கார்தான் வழியில நிண்டிரிக்கி. வாப்பாட முகத்தை விடக் காரா பெரிசு?"

நான் வாயைத் திறந்தேன். றவூப் முந்திக்கொண்டான்.

"ஓம் மாமா. எனக்குத்தான் பிழைச்சுப்போச்சு."

வாப்பாவுக்காகத் துஆ கேட்க முதல், கை கால் முகம் கழுவி வுழு எடுக்கப் பள்ளிவாசல் கிணற்றடிக்குப் போனோம். ஒயில் படிந்த தோலில் தண்ணீர் படாது; படாவிட்டால் வுழு கூடாது. அவன் சவர்க்காரமும் மணலும் போட்டுத் தேய்த்தான். சுட்ட இடத்திலும் தேய்த்தான். நான் தண்ணீர் ஊற்றினேன். ஏழு வாளி போனது.

"நூலைப் பத்தி மாமாட்டச் சொல்லுறன்" என்றேன்.

"சொன்னா மூடின மண்ணைத் திறப்பாங்களா காக்கா? ஊத்துங்க."

நான் வாப்பாவைக் கடைசியாகக் கண்டது தை மாதம், அரிசி கொண்டுபோன அன்று. றவூப் கண்டது அதற்கு மூன்று மாதம் முந்திய ஹஜ்ஜுப் பெருநாளில். எட்டாவது வாளியை இறைத்து ஊற்றினேன்.